லினக்ஸ் கேள்வி–பதில்: 777 கொடுத்தும் 403 ஏன்?

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் உபுண்டு 22.04 சர்வர் இருக்கிறது. மாணவர்கள் அவரவர் ஹோம் ஃபோல்டரில் வைக்கும் பக்கம் ‘/~பெயர்/’ என்ற முகவரியில் திறக்க வேண்டும். அப்பாச்சி வெப் சர்வரில் இதற்கான யூசர்டிர் மாட்யூலை இயக்கி, ரீஸ்டார்ட்டும் செய்தாயிற்று. பக்கம் இருக்கும் பப்ளிக்_எச்டிஎம்எல் ஃபோல்டருக்கு 755 (எல்லோரும் படிக்கலாம், உரியவர் மட்டும் எழுதலாம்), பிறகு 777கூட (எவரும் எழுதலாம்) கொடுத்துப் பார்த்தோம். 403 (அனுமதி மறுப்பு) பிழைதான் வருகிறது.

பதில்: முதலில் அந்த 777-ஐ 755 ஆக்குங்கள். அப்படியே விட்டால் சர்வரில் கணக்குள்ள எவரும் அடுத்தவர் பக்கத்தை அழித்துவிடலாம். பூட்டு இருப்பது அங்கே இல்லை, ஒரு படி மேலே. உபுண்டு 21.04 முதல் புதுக் கணக்குகளின் ஹோம் ஃபோல்டர் 750 அனுமதியோடு (உரியவரும் அவர் குழுவும் தவிர மற்றவர் நுழைய முடியாது) உருவாகிறது, முன்பு 755. ஒரு ஃபைலை எட்ட, வழியிலுள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் ‘எக்ஸ்’ (கடந்து செல்லும்) அனுமதி வேண்டும். அப்பாச்சி ஓடும் கணக்குக்கு ஹோம் வாசலிலேயே அது இல்லை. எரர் லாகில் ‘சர்ச் பெர்மிஷன்ஸ் ஆர் மிஸ்ஸிங்’ என்று இருக்கும். ‘நேம்ஐ -எல்’ கட்டளைக்கு முழுப் பாதையையும் கொடுத்தால் எந்தப் படியில் தடை என்று வரிசையாகக் காட்டிவிடும்.

எளிய வழி, ஹோமுக்கு ‘சிஎச்மாட் 711’. உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுக்க முடியாது, கடந்து போகலாம். ஆனால் 644-இல் (எல்லோரும் படிக்கலாம்) இருக்கும் ஃபைலின் பெயரை ஊகித்தால் சக மாணவர் படித்துவிடுவார். ஆகவே ‘செட்எஃப்ஏசிஎல்’ கொண்டு அப்பாச்சியின் கணக்குக்கு மட்டும் ‘எக்ஸ்’ தருவதே மேல். பின்னால் யாராவது அதே ஹோமுக்கு ‘சிஎச்மாட் 700’ அடித்தால் மாஸ்க் (இப்படித் தனியே தந்த அனுமதிகளின் உச்ச வரம்பு) மாறி அந்த அனுமதி செல்லாமல் போகும், திரும்பவும் 403. இனி சேர்க்கும் கணக்குகளுக்கு, ‘இடிசி’யில் உள்ள ‘ஸ்கெல்’ ஃபோல்டருக்குள் ஒரு பப்ளிக்_எச்டிஎம்எல் போட்டுவையுங்கள், தானே நகலாகிவிடும்.

கேள்வி: அதே இடத்தில் பிஎச்பி ஃபைல் ஓடவில்லை, புரோகிராம் கோடு அப்படியே வெளியே வருகிறது.

பதில்: பழுதில்லை, வேண்டுமென்றே அணைத்துவைத்திருக்கிறார்கள். அப்பாச்சியின் பிஎச்பி மாட்யூல் கான்ஃபிக் ஃபைலின் கடைசியில், ஹோம் ஃபோல்டர்களுக்கு ‘எஞ்சின் ஆஃப்’ என்று ஒரு பகுதி இருக்கும். அந்த வரிகளின் முன் # போட்டு ரீஸ்டார்ட் செய்தால் ஓடும். அதுவரை டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உள்ள ஃபைல் எதையும் அங்கே வைக்காதீர்கள். இன்னொன்று: இந்த மாட்யூல் வழியே எல்லா மாணவரின் பிஎச்பியும் ஒரே கணக்கில் ஓடும், ஒருவர் ஸ்கிரிப்ட் மற்றவர் ஃபைலைப் படிக்கும். பிஎச்பி-எஃப்பிஎம் வைத்து ஆளுக்கொரு பூல் (அவரவர் கணக்கில் தனியே ஓடும் பிஎச்பி) போடுவதுதான் சரி.

கேள்வி: ஃபெடோராவில் அனுமதியெல்லாம் சரி. 403 மட்டும் போகவில்லை.

பதில்: யூசர்டிர் கான்ஃபிக்கில் ‘டிஸேபிள்டு’ என்றிருப்பதை மாற்றினீர்களா? மாற்றியிருந்தால் மிச்சம் எஸ்இலினக்ஸ், அதாவது ஃபைலின் லேபிளைப் பார்த்து அனுமதிக்கும் இன்னொரு பாதுகாப்பு அடுக்கு. ‘செட்எஸ்இபூல் -பி’ (பெரிய பி) போட்டு எச்டிடிபிடி_எனேபிள்_ஹோம்டிர்ஸ் என்பதை ‘ஆன்’ செய்யுங்கள். டவுன்லோட்ஸிலிருந்து ‘எம்வி’ மூலம் கொண்டுவந்த ஃபைல் பழைய லேபிளோடேயே வரும். லேபிளைச் சரிசெய்ய ‘ரெஸ்டோர்கான் -ஆர்’ (இதுவும் பெரிய ஆர்) ஒருமுறை ஓட்டுங்கள். ‘சிபி’ செய்தால் இந்தத் தொல்லை இல்லை.