சில்வியாவும் ஒரு வாடகை அறையும்

அன்பின் அக்கா,

போன மாதம் பம்பலப்பிட்டியில் நடந்த ஒரு கூட்டத்துக்கு என் தங்கச்சியோடு போயிருந்தேன். தங்கச்சி திருநங்கை. மேடையில் நியூயோர்க்கில் திருநருக்காகப் போராடிய மார்ஷா ஜோன்சன், சில்வியா ரிவேரா என்ற இரண்டு பேரின் பெரிய படங்கள். பேசிய இளம் செயற்பாட்டாளர்கள் எல்லோரும் தாங்கள் அந்த இருவரின் வழியில் வந்தவர்கள் என்றார்கள். எனக்கும் அவர்கள்மேல் மரியாதை இருக்கிறது. ஆனால் தங்கச்சிக்கு இப்போது வேண்டியது இரண்டுதான். அடையாள அட்டையில் அவளுடைய பெயர், வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ வாடகைக்கு ஓர் அறை. ஆளைக் கண்டதும் "அறை கொடுத்தாச்சு" என்கிறார்கள். ஐம்பது வருடத்துக்கு முந்தி நியூயோர்க்கில் நடந்த சண்டை இதற்கு என்ன செய்யும்? இரவல் பாரம்பரியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எங்கள் பிரச்சினையை விட்டுவிடுகிறோமா?

ச., வெள்ளவத்தை

அன்பின் ச.,

உங்கள் தங்கச்சி தேடும் அந்த இரண்டுக்காகத்தான் சில்வியாவும் கடைசி வரைக்கும் அலைந்தார். படத்தை மாட்டியவர்கள் அதையும் சொல்லியிருந்தால் நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள்.

1969 ஜூன் 28 விடியப்புறம் நியூயோர்க்கில் ஓரினச்சேர்க்கையாளர்கள் கூடும் ஸ்டோன்வால் மதுச்சாலைக்குள் பொலிஸ் புகுந்தது, உள்ளே இருந்தவர்களும் வீதியில் நின்றவர்களும் திருப்பி எதிர்த்தார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. முதல் கல்லை எறிந்தது மார்ஷாதான் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். தான் போய்ச் சேரும்போதே கலவரம் தொடங்கிவிட்டது என்று மார்ஷாவே ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார். அதற்கு 3 வருடம் முந்தி, 1966 ஆகஸ்டில், சான் பிரான்சிஸ்கோவில் கொம்ப்டன்ஸ் என்ற சாப்பாட்டுக் கடையில் திருநங்கைகள் பொலிஸை எதிர்த்து நின்றார்கள். ஆகவே முதல் கல் யாருடையது என்ற ஆராய்ச்சி எனக்குப் பெரிதாகப் படவில்லை. கலவரம் அடங்கிய பிறகு அந்த இருவரும் செய்த வேலைதான் எனக்குப் பெரிது.

1970இல் அவர்கள் 'ஸ்டார்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வீட்டாரால் துரத்தப்பட்டு வீதியில் படுத்துக் கிடந்த பிள்ளைகளுக்காக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். சில்வியாவுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. இருவரும் வீதியில் பாலியல் தொழில் செய்துதான் அந்த வாடகையைக் கட்டினார்கள். பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக் கூடாது என்பதற்காகத் தாங்கள் அதைச் செய்தார்கள். வாடகையைத் தொடர்ந்து கட்ட முடியாமல் அடுத்த வருடமே வீடு போய்விட்டது. ஒரு வருடமும் நிற்காத வீடுதானே என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அது ஸ்டோன்வாலை விடப் பெரிய நிகழ்வு.

அப்புறம் 1973. நியூயோர்க்கில் வொஷிங்டன் சதுக்கத்தில் ஸ்டோன்வால் நினைவு ஊர்வலம் முடிந்து கூட்டம். சில்வியா மேடை ஏறியதும் கூட்டம் கூச்சல் போட்டது. கூச்சல் போட்டவர்கள் பகையாளிகள் இல்லை, அவருடைய இயக்கத்து ஆட்களேதான். சிறையில் அடிபடுகிறவர்கள் உதவி கேட்டுத் தனக்குக் கடிதம் எழுதுகிறார்கள், நீங்களோ அவர்களுக்கு ஒன்றும் செய்வதில்லை என்று அந்தக் கூச்சலுக்கு மேலே கத்திச் சொன்னார். முதலில் எங்களுக்குக் கிடைக்கட்டும், உங்களுடையதைப் பிறகு பார்ப்போம் என்பதுதான் அந்தக் காலத்தில் திருநங்கைகளுக்குச் சொந்த இயக்கமே கொடுத்த பதில். 1986இல் நியூயோர்க் நகரம் பாகுபாட்டுக்கு எதிரான சட்டத்தைத் திருத்தி ஓரினச்சேர்க்கையாளர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தபோது திருநர் அதில் இல்லை. 2002 பெப்ரவரியில், சாகும் தறுவாயில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே மாநிலச் சட்டத்தில் திருநரையும் சேர்க்கச் சொல்லித் தலைவர்களோடு சில்வியா வாதாடினார். அதே வருடம் டிசம்பரில் அவர்களை விட்டுவிட்டே அந்தச் சட்டம் நிறைவேறியது. மாநிலம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது 2019இல்.

சில்வியா இறந்த அதே 2002இல் அவர் பெயரில் ஒரு சட்ட உதவி அமைப்பு தொடங்கியது. வறிய திருநருக்கு இலவசமாகப் பெயர் மாற்றம், அடையாளப் பத்திரங்கள், தங்குமிடங்களிலும் சிறையிலும் பாதுகாப்பு. அதுதான் இன்றைக்கும் அங்கே அன்றாட வேலை.

இனி எங்கள் பக்கம். கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2008 ஏப்ரல் 15இல் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைந்தது. 2014இல் அதே ஏப்ரல் 15 அன்று, தன் பாலினம் எதுவென்று சொல்லும் உரிமை அவரவருக்குத்தான் என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வியிலும் வேலையிலும் ஒதுக்கீடு கொடுக்கச் சொன்னதும் அந்தத் தீர்ப்புத்தான். தமிழ்நாடு 2015இல் திருநரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. சரி, பிரச்சினை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். தலித் திருநங்கைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு விடவில்லை. தலித் திருநங்கை ஒருவர் அந்தப் பட்டியலுக்குள் போனால் தலித்தாக அவருக்குள்ள உரிமை என்ன ஆகும் என்று கேட்டார். ஒவ்வொரு சாதிப் பிரிவுக்கு உள்ளேயும் திருநருக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று இன்றைக்கும் போராடுகிறார். கர்நாடகம் 2021இல் அப்படி 1 சதவீதம் கொடுத்தது. 1973 மேடையில் கேட்ட அதே கேள்விதான் இதுவும். கூட இருப்பவர்களைப் பார்த்து, எங்களில் யாரை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று கேட்பது. அதனால்தான் இதை இரவல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கொழும்பிலும் அதே கேள்வி இருக்கிறது. 2022 ஜூனில், அரகலய என்ற மக்கள் போராட்டம் நடந்துகொண்டிருந்த நாட்களில், காலிமுகத்திடலில் திருநரும் ஓரினச்சேர்க்கையாளரும் வானவில் கொடிகளோடு வெளிப்படையாக ஊர்வலம் போனார்கள். ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கும், தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. 2024இல் பாராளுமன்றம் கலைந்தது, சட்டமூலம் நிறைவேறவில்லை. அது மறுபடி வர வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கோட்டையிலோ மருதானையிலோ ஒரு திருநங்கையைப் பொலிஸ் மறித்தால் 365 மட்டுமா கையில் இருக்கிறது? வீதியில் நிற்பதையே குற்றமாக்கக்கூடிய 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றியதாகச் சொல்லும் 399ஆம் பிரிவு இருக்கிறது. 365 மட்டும் போய் இவை மிஞ்சினால், படித்த, சொந்த வீடுள்ள ஆட்களுக்கு விடுதலை, உங்கள் தங்கச்சிக்குப் பழைய பயமே. மூன்றையும் ஒன்றாகக் கேட்காத எந்தப் பிரசாரத்திலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

உங்கள் கூட்டத்தில் பேசிய பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு இருக்கும் துணிவு அவர்கள் வயதில் எங்களுக்கு இருக்கவில்லை. ஆனால் அந்தப் படங்களுக்குக் கீழே நின்று பேசுகிறவர்களிடம் நீங்கள் உரிமையோடு கேட்கலாம். யாருக்கு வீடு பார்த்துக் கொடுத்தீர்கள், யாரோடு கந்தோருக்குப் போனீர்கள், ஏன் இதெல்லாம் தமிழில் இல்லை என்று.

இனி அடையாள அட்டை. 2016இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கைப்படி பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெறலாம். உளநல மருத்துவ நிபுணரிடம் போய்த்தான் அதை எடுக்க வேண்டும். அது சும்மா வந்த சுற்றறிக்கை இல்லை. தங்கள் பத்திரங்களோடு அலைந்து அவமானப்பட்டவர்கள் விடாமல் கேட்டதால் வந்தது. சான்றிதழ் கைக்கு வந்ததும் முதலில் பிறப்புச் சான்றிதழைத் திருத்துங்கள், அடையாள அட்டைக்கு அதற்குப் பிறகு விண்ணப்பியுங்கள். பாடசாலைப் பத்திரங்கள் தானாக மாறாது, அவற்றுக்குத் தனியாக அலைய வேண்டி வரும். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். தங்கச்சியை எந்தக் கந்தோருக்கும் தனியாக அனுப்ப வேண்டாம். கூட ஒருவர் நின்றால் கவுண்டரில் இருப்பவரின் பேச்சு மாறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். எந்த நாள் போகிறீர்கள் என்று எழுதுங்கள், நானும் வருகிறேன். அறைக்கும் தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா