பச்சைச் சாயம்போல் ஆன குளத்து நீரை மாட்டுக்குக் காட்டலாமா?

கேள்வி: நான் நீடாமங்கலம் வட்டத்து விவசாயி. எங்கள் ஊரில் ஏறத்தாழ மூன்று மா (சுமார் ஓர் ஏக்கர்) பரப்புள்ள குளம், பங்குனிக் கடைசியிலிருந்து பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் இருக்கிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. போன வாரம் அந்தத் தண்ணீரைக் குடித்த கிடேரிக் கன்று ஒன்று மறுநாளே இறந்துவிட்டது. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டால் பாசி செத்துவிடும் என்கிறார்கள், போடலாமா? அந்த நீரைக் கோடை நெல்லுக்குப் பாய்ச்சலாமா?

பதில்: மயில்துத்தம் போடாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் குளத்தில் பெருகியிருப்பது நீலப்பச்சைப் பாசியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதன் சில இனங்கள் ஈரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் போன்ற நஞ்சைத் தம் செல்லுக்குள் வைத்திருக்கின்றன. துத்தம் பட்டதும் செல் வெடித்து, உள்ளே இருந்த நஞ்சு முழுவதும் ஒரே நேரத்தில் நீரில் கலந்துவிடும். ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979இல் குடிநீர் அணையில் பாசியைக் கொல்லத் துத்தம் இட்ட சில நாட்களில் 148 பேர், பெரும்பாலும் குழந்தைகள், நோயுற்றார்கள். உங்கள் குளத்தில் இன்னொரு கேடும் உண்டு: செத்த பாசி அழுகும்போது மிச்சமிருக்கும் உயிர்வாயுவையும் தின்றுவிடும் என்பதால், இப்போது விடியற்காலையில் மட்டும் திணறும் மீன்கள் ஒட்டுமொத்தமாக மிதக்கும்.

பாசியின் வகையை ஓரளவு வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். கையுறை அணிந்து, நிறமற்ற கண்ணாடிப் புட்டியில் முக்கால் பங்கு நீர் பிடித்து, அசைக்காமல் ஓர் இரவு வையுங்கள். காலையில் பச்சை முழுவதும் மேலே ஏடுபோல் திரண்டு நின்றால் நீலப்பச்சைப் பாசி என்று கருதலாம். அடியில் படிந்தால் பெரும்பாலும் சாதாரணப் பச்சைப் பாசிதான். குச்சியால் தூக்கும்போது நூல்நூலாகத் தொங்குவதும் வேறு வகை. ஆனால் நஞ்சு இருக்கிறதா என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். கன்று இதனால்தான் இறந்தது என்று நானும் இங்கிருந்து அறுதியிட்டுக் கூற மாட்டேன். இனி ஒரு மாடு இறந்தால் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரை அழைத்து, ஈரலையும் இரைப்பையில் உள்ளதையும் குளத்து நீரோடு சேர்த்து ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அதுவரை மாடு, ஆடு, வாத்து எதையும் அந்தக் கரைக்கு விட வேண்டாம். ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொட்டியில் காட்டுங்கள். காற்று பாசியை ஒதுக்கும் கரையில்தான் நஞ்சு அடர்ந்திருக்கும். மாடு இறங்க வசதியான சரிவும் பல குளங்களில் அதே பக்கத்தில் அமைந்துவிடுகிறது. கரையில் காய்ந்து ஒட்டிய பச்சைப் பொருக்கிலும் நஞ்சு நெடுநாள் தங்கும். காய்ச்சினாலும் மைக்ரோசிஸ்டின் அழியாது என்பதால், கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுப்பதில் பயனில்லை. தீவனம் எடுக்காமல், ஈறு வெளிறி, தள்ளாடும் மாட்டை உடனே நிழலில் கட்டி மருத்துவரை அழையுங்கள். முறிமருந்து கிடையாது, பிழைத்த மாட்டுக்கும் ஈரல் கெட்டிருப்பதால் வெயில் பட்ட வெள்ளைத் தோல் வெந்து உரியக்கூடும். பச்சை மறைந்த பிறகும் குறைந்தது மூன்று வாரம் பொறுங்கள்.

நெல்லுக்கு வேறு நீர் இருந்தால் அதையே பாய்ச்சுங்கள். இல்லையென்றால் ஏடு படராத இடத்தில், மேற்பரப்புக்குக் கீழிருந்து இறையுங்கள். கீரைக்கும் காய்கறிக்கும் தெளிக்கவே கூடாது. நடவு வயலுக்கு எக்டருக்கு 10 கிலோ நீலப்பச்சைப் பாசி இடச் சொன்னவர்களே இப்போது அதை நஞ்சு என்கிறார்களே என்று கேட்கத் தோன்றும். வயலுக்குப் பரிந்துரைப்பது காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை)ப் பிடித்துத் தருவதற்காகத் தேர்ந்த இனங்களை. குளத்தில் பெருகுவது பெரும்பாலும் வேறு இனம்.

இது ஏன் வந்தது என்பதுதான் நீங்கள் கேட்காத கேள்வி. 1973இல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் ஓர் ஏரியை நடுவே திரையிட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் கரிச்சத்தும் தழைச்சத்தும் மட்டும், மறுபக்கம் அவற்றோடு மணிச்சத்தும், அதாவது பாஸ்பரஸும், இட்டார்கள். மணிச்சத்து விழுந்த பக்கம் மட்டுமே பச்சையானது. ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 0.035 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தாலே பாசி பெருகும் நிலை வந்துவிடும். உங்கள் மூன்று மா குளம் ஐந்தடி நிரம்பினால் சுமார் 60 லட்சம் லிட்டர். அதற்கு 200 கிராம் பாஸ்பரஸ் போதும். ஒரு கிலோ டி.ஏ.பி. உரத்தில் இருப்பது அவ்வளவுதான். கோடையில் நீர் வற்றியிருக்கும்போது அதுவும் தேவையில்லை. நம் பக்கத்தில் தேங்கிய நீரில் டி.ஏ.பி.யை வீசி, மறுநாள் மழை வந்ததும் மடையைத் திறந்து வடிகாலில் விடும் வழக்கம் இருக்கிறது. அந்த வடிகால் குளத்தில்தானே விழுகிறது?

ஆகவே மணிச்சத்தை அடியுரமாகக் கடைசி உழவில் மண்ணோடு கலந்துவிடுங்கள்; இட்ட பிறகு ஒரு வாரமாவது மடையை அடைத்து வையுங்கள். வடிகால் குளத்தில் சேரும் இடத்தில் வெட்டிவேர் நட்டால் வண்டல் அங்கேயே தங்கும். வீட்டுச் சாக்கடையும் துணி துவைக்கும் நீரும் இறங்கினால், ஊரார் பேசி அவற்றைத் திருப்பத்தான் வேண்டும். பல ஆண்டுகளாகச் சேர்ந்த மணிச்சத்து அடிச்சேற்றில் இருப்பதால், மேட்டூர் நீர் வருவதற்குள் அனுமதி பெற்றுத் தூர்வாருங்கள். அள்ளிய வண்டலைக் கரையில் குவித்தால் முதல் மழையிலேயே மீண்டும் குளத்துக்குள் வந்துவிடும். வயலில் பரப்பி, மண் பரிசோதனை செய்து, அதற்கேற்பச் சம்பாவுக்கு இடும் டி.ஏ.பி.யைக் குறைத்துக்கொள்ளுங்கள்.