கல்யாணத்துக்கு முன் எழுதிய நாமினி

கேள்வி: என் கணவர் ஒரு நூற்பாலையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தார். போன பங்குனியில் மாரடைப்பில் போய்விட்டார். பையனுக்கு 9 வயது, பாப்பாவுக்கு 5. பி.எஃப். பணம் கேட்டுப் போனால், "நாமினி உங்கள் மாமியார்தான், உங்களுக்கு ஒன்றும் வராது" என்று மில் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். கொழுந்தனாரும் அதையே சொல்கிறார். எனக்கு உரிமையே இல்லையா?

பதில்: இருக்கிறது சகோதரி. அந்த நாமினி படிவத்தில் என்ன தேதி என்று முதலில் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு வருடம், பையனுக்கு 9 வயது என்கிறீர்கள், அப்படியென்றால் கல்யாணத்துக்கு முன்னால் எழுதியதாகத்தான் இருக்கும். சேருகிற அன்று ஒரு கட்டு காகிதத்தை நீட்டுவார்கள், வேலைக்குச் சேரும் இளைஞனும் நாமினி என்ற இடத்தில் அம்மா பெயரை எழுதிவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விடுவான். அப்புறம் கல்யாணம், குழந்தை, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது எல்லாம் நடக்கும், பி.எஃப். மட்டும் யாருக்கும் ஞாபகம் வராது.

1952-ஆம் வருட பி.எஃப். திட்டத்தின் 61-வது பத்தி, திருமணத்துக்கு முன் செய்த நாமினி நியமனம் திருமணத்தோடு செல்லாததாகிவிடும் என்கிறது. அவர் புதிதாக எழுதிக் கொடுக்கவில்லையென்றால் நாமினியே இல்லை என்று அர்த்தம். அப்போது பணம் குடும்பத்தாருக்குச் சம பங்காகப் போகும். மாமியார் உங்கள் கணவரை நம்பித்தான் இருந்தார் என்றால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு, அதை மறுக்காதீர்கள். கணக்கில் 8 லட்சம் இருந்தால் நீங்கள், இரண்டு குழந்தைகள், மாமியார் என்று ஆளுக்கு 2 லட்சம். கொழுந்தனாருக்கு இதில் இடமே கிடையாது.

இன்றைக்கே பி.எஃப். அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், நியமனம் கல்யாணத்துக்கு முந்தையது, அதை வைத்துப் பணம் கொடுக்க வேண்டாம் என்று. திருமணச் சான்று, இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் நகல்களை இணையுங்கள். பணம் ஒருமுறை கைமாறிவிட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. குழந்தைகளுக்குத் தாய் நீங்களே இருப்பதால், அவர்கள் பங்கை வாங்கக் கோர்ட்டில் காப்பாளர் சான்றிதழ் வாங்கத் தேவையில்லை.

பணம் கேட்டு எழுதிக் கொடுக்கும் ஃபாரம் 20 பி.எஃப். பணத்துக்கு மட்டும்தான். பி.எஃப். கணக்கோடு சேர்ந்த பென்ஷனுக்கு 10டி, இன்ஷூரன்ஸுக்கு 5ஐ.எஃப். என்று தனித்தனியாக உண்டு. பென்ஷன் உங்களுக்குத்தான், நாமினி யாராக இருந்தாலும் சரி. குறைந்தது மாதம் 1,000 ரூபாய், பெரிய தொகை இல்லைதான், ஆனால் அதோடு ஒவ்வொரு குழந்தைக்கும் அதில் கால் பங்கு 25 வயது வரை வரும். மறுமணம் செய்தால் உங்கள் பென்ஷன் நின்றுவிடும். வேலையில் இருக்கும்போதே இறந்ததால் இன்ஷூரன்ஸ் தொகையும் உண்டு, உச்ச வரம்பு 7 லட்சம். மில் ஆபீஸில் இதைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: மனைவி வேலை பார்த்து இறந்துபோனால் கணவருக்கும் இதே உரிமைதானா?

பதில்: ஆமாம், பென்ஷன் உட்பட. ஒரு வித்தியாசம், மனைவி நினைத்தால் பி.எஃப். ஆணையருக்கு எழுத்துமூலம் தெரிவித்துக் கணவரைக் 'குடும்பம்' என்ற கணக்கிலிருந்தே நீக்கலாம். கணவர் அப்படி வெறும் கடிதம் கொடுத்து மனைவியை நீக்க வழியில்லை.