புதைஞ்ச வாகனத்துக்கு எந்தப் பெல்ற்? கேள்வி பதில்

கொடிகாமத்திலை கராஜ் வைச்சிருக்கிறன். மாரியிலை வயல் சேத்துக்கையும், மற்ற நாளிலை மணல்காட்டு மணலுக்கையும் புதைஞ்ச வாகனங்களை இழுத்தெடுக்கிறதும் என்ரை வேலைதான். பெல்ற் பற்றி வந்த கேள்வியளுக்குப் பதில் இது.

கேள்வி (சாவகச்சேரி): அண்ணை, கடையிலை ரெண்டு முனையிலும் கொளுக்கி போட்ட மஞ்சள் பெல்ற் ஒண்டு மலிவா இருக்கு. என்ரை ஹைலக்ஸுக்குக் காணுமோ?

பதில்: தார் ரோட்டிலை நிண்டுபோன சின்னக் காரை மெல்லமாக் கட்டி இழுக்கக் காணும். சேத்துக்கை புதைஞ்ச ஹைலக்ஸுக்கு வேண்டாம் தம்பி. பெல்ற்றை விட அந்தக் கொளுக்கிதான் எனக்குப் பயம். பெல்ற் இறுகி நிக்கேக்கை கொளுக்கி கழண்டால், கெற்றபோலிலை வைச்ச கல்லு மாதிரி மற்ற வாகனத்தை நோக்கிப் பறக்கும். பூநகரிப் பக்கம் ஒருக்கா என்ரை கண்ணுக்கு முன்னாலை நடந்தது. பின் கண்ணாடியாலை பூந்த கொளுக்கி முன் கண்ணாடியையும் உடைச்சுக்கொண்டு வெளியிலை போய் விழுந்தது. சாரதி கியர் மாத்தக் குனிஞ்சதாலை தப்பினார். சீற்றிலை தலை சாயிற இடம் கிழிஞ்சு பஞ்சு தொங்கிக்கொண்டு இருந்துது. அண்டையிலிருந்து ரெண்டு முனையிலும் வளையம் தைச்ச பெல்ற்றைத் தவிர வேறை ஒண்டும் நான் கொண்டுபோறதில்லை.

கேள்வி (பருத்தித்துறை): நைலோன் நல்லதோ, பொலியெஸ்ரர் நல்லதோ?

பதில்: வேலையைப் பொறுத்தது. நைலோன் தன்ரை நீளத்திலை 20 முதல் 30 வீதம் வரை இழுபடும். அதாலை முன் வாகனம் கொஞ்சம் ஓடி இழுக்கேக்கை குலுக்கம் இல்லாமல் விசை போய்ச் சேரும். மணலுக்கும் சேத்துக்கும் அதுதான். பொலியெஸ்ரர் கனக்க இழுபடாது. ரோட்டிலை கட்டி இழுக்க, வின்ச் (கம்பி சுத்தி இழுக்கிற கருவி) போடேக்கை மரத்தைச் சுத்திக் கட்ட அது நல்லம். பொலியெஸ்ரர் பெல்ற்றைப் போட்டு ஓடி வந்து வெட்டி இழுத்தால் பெல்ற் அறும், இல்லாட்டி வாகனத்தின்ரை அடிச்சட்டம் வளையும். சங்கிலியும் அப்பிடித்தான்.

நைலோன் எண்டாலும் வேகம் வேண்டாம். வேகம் ரெண்டு மடங்கானால் பெல்ற்றுக்குள்ளை போற சக்தி நாலு மடங்கு. 9 மீற்றர் பெல்ற்றிலை 2 மீற்றர் தளர்த்தி விட்டு, மெல்ல வெளிக்கிட்டாலே காணும். அதுக்கு முதல் சில்லைச் சுத்தி மண்ணை வெட்டி எடுங்கோ. மணல் எண்டால் ரயர் காத்தை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கோ. பாதித்தரம் பெல்ற்றே தேவைப்படாது.

கேள்வி: எத்தினை தொன் பெல்ற் வேண்டுறது? பெரிசா வேண்டினால் பாதுகாப்புத்தானே?

பதில்: இல்லை. ரெண்டு வாகனத்திலை பாரம் குறைஞ்சதைப் பாருங்கோ. சாமான், ஆக்களோடை சேத்து அதின்ரை முழு நிறையைப் போலை 2 முதல் 3 மடங்கு அறுவிசை (பெல்ற் அறுகிற பாரம்) இருக்கவேணும். 3 தொன் வாகனத்துக்கு 8 தொன் பெல்ற் சரி. அதை விடத் தடிச்சால் இழுபடாது, நைலோன் வேண்டின பலன் போச்சு. நனைஞ்ச நைலோன் 10, 15 வீதம் பலம் குறையும் எண்டதையும் கணக்கிலை எடுங்கோ.

கேள்வி (அச்சுவேலி): பாரம் தூக்கிற ஊதாப் பெல்ற் வீட்டிலை கிடக்கு. பாவிக்கலாமோ?

பதில்: ஊதா எண்டால் 1 தொன், பச்சை 2, மஞ்சள் 3. அது தூக்கிற பாரத்தின்ரை அளவு. பொலியெஸ்ரர்தான். மெல்ல, ஒரே சீரா இழுக்கலாம். வெட்டி இழுக்காதையுங்கோ.

கேள்வி: பின்னாலை ரெயிலர் கொழுவிற உருண்டையிலை மாட்டலாமோ?

பதில்: ஒருக்காலும் வேண்டாம். அது முறிஞ்சு பறந்து ஆக்கள் செத்திருக்கினம். அடிச்சட்டத்தோடை சேந்த இழுவைக் கொளுக்கியிலை மாட்டுங்கோ. சக்கிள் (ஆணி பூட்டிற இரும்பு வளையம்) போட்டால் தாங்கும் பாரம் அதிலை பொறிச்சிருக்கவேணும். பொறிக்காததை வேண்டாதையுங்கோ. ஹைலக்ஸ் அளவுக்கு 4.75 தொன் சக்கிள். ஆணியை முழுக்க இறுக்கிப்போட்டுக் கால் சுத்து தளர்த்தி விடுங்கோ, இல்லாட்டி பிறகு கழட்ட ஏலாது.

கேள்வி: நீளம் காணாட்டி ரெண்டு பெல்ற்றை முடிஞ்சு போடலாமோ?

பதில்: முடிச்சுப் போட்ட இடத்திலை பலம் பாதியாக் குறையும். நடுவிலை சக்கிளும் வேண்டாம், அறுந்தால் அது குண்டு மாதிரி. ஒரு வளையத்துக்குள்ளை மற்றதைக் கோத்து, இடையிலை சுருட்டின பேப்பரை வையுங்கோ. பிறகு கழட்டச் சுகம்.

கேள்வி (நல்லூர்): அக்குவா ஹைபிரிட் கார் ரோட்டிலை நிண்டால்?

பதில்: அக்கா, முன் சில்லு நிலத்திலை உருளக் கட்டி இழுக்கவேண்டாம். மோட்டர் பழுதாகும். தூக்கி ஏத்திற லொறியைக் கூப்பிடுங்கோ.

கேள்வி (கிளாலி): எங்கடை வயலுக்கை உழவு மிசினாலை இழுக்கிறம். கவனிக்க என்ன இருக்கு?

பதில்: மிசினுக்குக் குதிக்கிற வேகம் தேவையில்லை, முதல் கியரிலை சீரா இழுக்கட்டும். பெல்ற் நடுவிலை ஈரச் சாக்கு ஒண்டைப் போடுங்கோ, அறுந்தால் நிலத்துக்கு இறங்கும். வாகனம் புதைஞ்சால் பாக்க ஊரே கூடும், சின்னப் பெடியள்தான் முன்னுக்கு நிப்பினம். பெல்ற் நீளத்தைப் போலை ஒண்டரை மடங்கு தூரத்துக்கு அவையை அனுப்பிப்போட்டுத்தான் கியரைப் போடுங்கோ. இறுகின பெல்ற்றைக் கடக்க ஒருத்தரையும் விடாதையுங்கோ.