கணவருக்குச் சிறுநீரகம் தருகிறேன். பணத்துக்கு வீட்டை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. ஈரோடு பக்கம் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர், சம்பளம் 32,000 ரூபாய். நான் வீட்டில் தையல் வேலை செய்து மாதம் 8,000 வரை சம்பாதிக்கிறேன். அவருக்கு ஏழு மாதமாக டயாலிசிஸ் நடக்கிறது. ஊசி, போக்குவரத்து எல்லாம் சேர்த்து மாதம் 18,000 ஆகிறது. அண்ணன் உதவியால் சமாளிக்கிறோம். என் சிறுநீரகம் பொருந்துகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தனியார் மருத்துவமனையில் 8 லட்சம் கேட்கிறார்கள். கம்பெனி கொடுத்த குரூப் இன்சூரன்ஸ் 3 லட்சம். 9-ஆம் வகுப்பு படிக்கும் மகளுக்காகப் போட்ட 3 லட்சம் எஃப்.டி., 7 பவுன் நகை, பி.எஃப்., கடன் இல்லாத சொந்த வீடு உண்டு. வீட்டை அடமானம் வைக்கலாமா? வரிச் சலுகை ஏதும் கிடைக்குமா? "நீ ஏன் அறுத்துக் கொடுக்கணும், 6 லட்சத்துக்கு ஆள் இருக்கு" என்கிறார் ஒரு உறவினர். இன்னொன்று: இதையெல்லாம் பார்த்த என் மாமனார் (71) தானும் உறுப்பு தானம் செய்ய ஆசைப்படுகிறார். அதனால் எல்.ஐ.சி. பணம் வருவதில் சிக்கல் வருமா? மருத்துவமனைச் செலவு எங்கள் தலையில் விழுமா?

பதில்: முதலில் உறவினர் சொன்னதைப் பார்த்துவிடுவோம். அந்தப் பேச்சை இன்றோடு நிறுத்துங்கள். உறுப்பை விற்பவர், வாங்குபவர், தரகர் மூவருக்குமே 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி வரை அபராதம் என்கிறது சட்டம். 2025-இல் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களைச் சுற்றி வெடித்த சிறுநீரக விற்பனை விவகாரம் உங்கள் பக்கத்து ஊர்க்கதைதான். கடனில் மூழ்கியவர்களைத் தேடித்தான் தரகர்கள் வந்தார்கள். அந்த 6 லட்சத்துக்குக் கிடைக்கும் சிறுநீரகம், வட்டி கட்ட முடியாத இன்னொரு குடும்பத்தின் உடம்பிலிருந்து வருவது.

அடுத்து, 8 லட்சம். எல்லோரும் ஆபரேஷன் செலவைத்தான் மலையாக நினைக்கிறார்கள். என் கவலை அதற்குப் பிறகு வரும் மாதங்களைப் பற்றியது. மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட் போன்ற மாத்திரைகளை அந்தச் சிறுநீரகம் வேலை செய்யும் காலம் முழுக்க, ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட வேண்டும். முதல் ஆண்டில் மருந்தும் ரத்தப் பரிசோதனையும் சேர்த்து மாதம் எவ்வளவு ஆகும் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். 12,000 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு கணவர் சில மாதம் வேலைக்குப் போக முடியாது. நீங்களும் சில வாரம் மெஷினில் உட்கார முடியாது. கையில் காசில்லை என்று மாத்திரையைப் பாதியாகக் குறைத்தால், நீங்கள் கொடுத்த சிறுநீரகமே போய்விடும். அதனால் மருத்துவமனையில் முன்பணம் கட்டுவதற்கு முன்பே 2 லட்சம் ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு, மருந்துக்கும் வீட்டுச் செலவுக்கும் என்று ஒதுக்கிவிடுங்கள்.

அந்த 2 லட்சத்தை மகளின் எஃப்.டி.யிலிருந்து எடுக்கச் சொல்கிறேன். மனசு கேட்காது, தெரியும். ஆனால் டயாலிசிஸுக்குப் போகும் 18,000 நின்று மருந்துக்கு 12,000 ஆகும்போது மாதம் 6,000 மிஞ்சும். கணவர் வேலைக்குத் திரும்பியதும் அதை அப்படியே ஆர்.டி.யில் போட்டால் மூன்று ஆண்டில் வட்டியில்லாமலே 2,16,000. மகள் கல்லூரியில் சேரும் நேரத்துக்குக் கிட்டத்தட்ட ஈடாகிவிடும். மருந்தின் அளவும் போகப் போகக் குறைவதுதான் வழக்கம்.

இப்போது இன்சூரன்ஸ். 3 லட்சம் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். டயாலிசிஸுக்கு கிளெய்ம் செய்திருந்தால் அதிலேயே கரைந்திருக்கும். பாலிசி புதுப்பிக்கும் தேதியை எச்.ஆரிடம் கேளுங்கள். உதாரணத்துக்கு, ஏப்ரல் 1-இல் புதுப்பிக்கிறார்கள், இப்போது மீதி 90,000-தான் இருக்கிறது என்றால், டாக்டர் சம்மதித்தால் ஆபரேஷனை ஏப்ரலுக்குத் தள்ளுங்கள். இந்த ஒரு முடிவில் 2 லட்சம் மிச்சம். அப்புறம் அறை வாடகை வரம்பு. நாளுக்கு 3,000 என்று பாலிசியில் இருக்க, 6,000 ரூபாய் அறையில் சேர்த்தால், வாடகை மட்டுமல்ல, டாக்டர் கட்டணம் போன்றவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். இதைத் தெரியாமல் கையை விட்டுக் கட்டிய குடும்பங்கள் ஏராளம். உங்களுக்கான அறுவைச் செலவும் கணவரின் பாலிசித் தொகைக்குள்தான் பெரும்பாலும் வரும். உங்களுக்கு எடுத்த ஆரம்பப் பரிசோதனைகள் பெரும்பாலும் வராது. எக்காரணம் கொண்டும் கணவர் இப்போது வேலையை விடக் கூடாது. வேலை போனால் பாலிசியும் போகும்.

மீதி 5 லட்சம். சிகிச்சைக்கென்று பி.எஃப். முன்பணம் எடுக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. எவ்வளவு கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்தபின், குறைவதற்கு நகையை விற்றுவிடுங்கள். அடகு வேண்டாம். இந்த வருமானத்தில் அதைத் திருப்ப முடியாது. திருப்ப முடியாத நகையை அடகு வைப்பது, வட்டியும் கட்டி விற்பதற்குச் சமம். பிரதமர் தேசிய நிவாரண நிதிக்கும் விண்ணப்பியுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், பணம் நேராக மருத்துவமனைக்குப் போகும். வீட்டுப் பத்திரத்தைத் தொடாதீர்கள்.

தனியார் மருத்துவமனையில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கோவை அல்லது மதுரை அரசு மருத்துவமனையில் ஒரு நாள் போய் விசாரித்துவிட்டு வாருங்கள். சிறுநீரக மாற்று அங்கேயும் நடக்கிறது. அறுவையும் அதற்குப் பிந்தைய மருந்தும் அங்கே எப்படிக் கிடைக்கும் என்று கேளுங்கள். மருந்து இலவசமாகக் கிடைத்தால் மேலே போட்ட கணக்கே மாறிவிடும். ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருப்பவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது; உங்களுக்கு அது பொருந்தாது. வரிச் சலுகைக்கும் அலைய வேண்டாம். இந்தச் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே இல்லை.

சகோதரி, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் உயிரோடு இருக்கும்போதே உறுப்பு தருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கொடுத்த பிறகு அவர்கள் உடம்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உங்கள் பெயரில் தனி ஹெல்த் பாலிசிக்கு இப்போதே விண்ணப்பியுங்கள், சிறுநீரகம் தரப்போவதை மறைக்காமல் எழுதுங்கள். மறுத்தால் ஆபரேஷன் முடிந்து ஆறேழு மாதம் கழித்து மறுபடி முயலுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை ரத்த அழுத்தம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும்; அந்தச் செலவையும் வீட்டு பட்ஜெட்டில் எழுதி வையுங்கள். உங்கள் திருமணம் பதிவு செய்யப்படவில்லை என்றால் உடனே செய்யுங்கள். மனைவி என்ற உறவை நிரூபிக்க அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள்.

மாமனாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உறுப்பு தானம் செய்ததற்காக எந்த ஆயுள் காப்பீட்டுப் பணமும் நிற்காது. மூளைச்சாவு உறுதியாகி, குடும்பம் சம்மதித்த பிறகு, உறுப்புகளைக் காப்பதற்கும் எடுப்பதற்கும் ஆகும் செலவை தானம் தரும் குடும்பத்திடம் வாங்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. அதற்கு முன் நடந்த சிகிச்சையின் பில் தனி. 2008-இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த திருக்கழுக்குன்றத்துப் பள்ளி மாணவன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்ய அவன் பெற்றோர் எடுத்த முடிவுக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் உறுப்பு தானம் பெரிதாகப் பரவியது. 2023-லிருந்து உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கை அரசு மரியாதையோடு நடத்துகிறார்கள். உங்களைப் போலப் பொருந்துகிற மனைவியோ தாயோ இல்லாத எத்தனையோ பேர் அப்படி ஒரு குடும்பம் சரி என்று சொல்வதற்காகவே டயாலிசிஸ் படுக்கையில் காத்திருக்கிறார்கள்.

71 வயது தடையில்லை. எந்த உறுப்பு உதவும் என்பதை அந்த நேரத்தில் டாக்டர்கள் முடிவு செய்வார்கள். வீட்டில் இயற்கையாக இறந்தாலும் ஆறு மணி நேரத்துக்குள் கண் தானம் செய்யலாம். நோட்டோ (மத்திய அரசின் தேசிய உறுப்பு மாற்று அமைப்பு) இணையதளத்தில் ஆதார் வைத்துப் பதிவு செய்யலாம். ஆனால் அந்தப் பதிவு மட்டும் போதாது, கடைசியில் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டியது குடும்பம். அதனால் பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் இருக்கும் ஒரு நாளில் அவர் தன் ஆசையை வாய்விட்டுச் சொல்லட்டும். பக்கத்து கண் வங்கியின் எண்ணை உங்கள் செல்போனில் இன்றே சேமித்து வையுங்கள்.