தையல்நாயகி: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் கோவை. மயிலாடுதுறைக்கு வாழ்க்கைப்பட்டு, இப்போது பெங்களூரில் இருக்கிறோம். பெண் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகிறது. என் மாமியார் பெயர் தையல்நாயகி. அந்தப் பெயரையே குழந்தைக்கு வைக்க வேண்டும் என்கிறார் மாமனார். எனக்கோ யாரும் வைக்காத, நல்ல பொருள் உள்ள அரிய பெயராக வேண்டும். தையல்நாயகி என்றால் தையல் மெஷின்தான் ஞாபகம் வருகிறது. பள்ளிக்கூடத்தில் கேலி செய்ய மாட்டார்களா? இணையத்தில் தேடினால், தைலம் என்பதிலிருந்து வந்தது என்று போட்டிருக்கிறது. உண்மையான பொருள் என்ன? தமிழா, வடமொழியா? நட்சத்திர எழுத்தும் எண் கணிதமும் பொருந்தவில்லை என்கிறார்கள். அப்படியே நான்கைந்து அரிய பெயர்களும் சொல்லுங்கள்.

ஆர்., பெங்களூர்

அன்புள்ள ஆர்.,

முதலில் குழந்தைக்கு என் ஆசி. பச்சை உடம்புக்காரி, நள்ளிரவு இரண்டு மணிக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறீர்கள். குழந்தை தூங்கும்போது நீங்களும் தூங்குங்கள் அம்மா.

எனக்கு வரும் கடிதங்களில் பெயர் கேட்பவை நிறைய. பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதக் காரணம், போன மாதம் என் அத்தை இறந்துபோனாள். அன்றிலிருந்து பெயர்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

தையல் பழைய தமிழ்ச் சொல். பெண் என்று பொருள், அழகு என்றும் பொருள். ஔவையின் ஆத்திசூடியில் ‘தையல் சொல் கேளேல்’ என்று ஒரு வரி வருகிறது. அந்த அறிவுரையை நான் ஒப்புக்கொள்ளவில்லை, உங்கள் பெண்ணுக்கும் அதைச் சொல்லித்தராதீர்கள். சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தையல் என்றால் பெண்.

தைலம் என்பது பின்னால் ஒட்டியது. வைத்தீஸ்வரன்கோயிலில் நோய் தீர்க்க வந்த வைத்தியநாதருடன் அம்மன் தையல்நாயகி தைலப் பாத்திரம் ஏந்தி வந்தாள் என்பது தலத்துக் கதை. நல்ல கதைதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதே அம்மனுக்கு வடமொழியில் என்ன பெயர் தெரியுமா? பாலாம்பிகை. பாலா என்றால் இளம்பெண். தையல் என்பதைப் பெண் என்று புரிந்துகொண்டவர்கள் வைத்த பெயர் அது. தைலம் என்று நினைத்திருந்தால் வேறு பெயர் வந்திருக்கும்.

கர்நாடக இசை மேதை முத்துசுவாமி தீட்சிதரின் பெற்றோர் வெகுகாலம் பிள்ளை இல்லாமல் அந்தக் கோயிலில் வேண்டிக்கொண்டார்கள். அப்புறம் திருவாரூரில் அவர் பிறந்தார். வைத்தீஸ்வரன்கோயில் முருகன் முத்துக்குமாரசுவாமி, அதனால் பிள்ளைக்கு முத்துசுவாமி. அவருக்கு ஒரு தங்கை உண்டு, பெயர் பாலாம்பாள். உங்கள் மாமியாரின் பெயர்தான் அது, வேறு மொழியில்.

எண் கணிதத்துக்கும் நட்சத்திர எழுத்துக்கும் நான் பதில் சொல்லப்போவதில்லை. கேலியா? பள்ளிக்கூடத்தில் எல்லாப் பெயரையும் கேலி செய்வார்கள். என்னையும் செய்தார்கள்.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். இணையத்தைக் கேட்டீர்கள், முன்பின் தெரியாத என்னைக் கேட்டீர்கள். பக்கத்து அறையில் இருக்கும் மாமியாரிடம் ‘அத்தை, உங்களுக்கு ஏன் இந்தப் பெயர் வைத்தார்கள்?’ என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? கடிதத்தை மூன்று முறை படித்தேன். கேட்டதாக ஓர் இடத்திலும் இல்லை. எந்த நோய்க்கு வேண்டிக்கொண்டார்கள், எந்த வெயிலில் யார் நடந்து போய் அந்தக் கோயிலில் உப்பும் மிளகும் போட்டார்கள் என்பது அந்த அம்மாளுக்குத்தான் தெரியும்.

எங்கள் பக்கத்துப் பெயர்களுக்கு அகராதி பார்த்தால் பாதிதான் கிடைக்கும். திருவையாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஐயாறப்பன், பஞ்சநதம், பஞ்சாபகேசன் மூன்றும் ஒன்றே. ஆபகா என்றால் வடமொழியில் ஆறு. ஐந்து ஆற்றின் ஈசன் பஞ்சாபகேசன். காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணுவார்கள். (பஞ்சாப் என்பதும் ஐந்து ஆறுதான், ஆனால் அது பாரசீகச் சொல்.) கும்பகோணம் சாரங்கபாணி கோயில் தாயார் கோமளவல்லி. அந்தச் சன்னதித் தெருவில் குடியிருந்த கணித மேதை ராமானுஜனின் அம்மா கோமளத்தம்மாள். நாகூர் ஆண்டவரிடம் வேண்டிப் பிறந்த இந்துப் பிள்ளைகளுக்கு நாகூரான் என்று பெயர் வைத்தார்கள். வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவிடம் வேண்டிப் பிறந்தவர்கள் ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரி. பெயரைக் கேட்டாலே எந்தக் கோபுரத்தின் கீழே, எந்தக் கொடிமரத்தின் கீழே ஒரு தாய் கையேந்தி நின்றாள் என்று தெரிந்துவிடும்.

என் அத்தை பெயர் குப்பம்மாள். அப்பாவுக்கு அக்கா. குடவாசல் பக்கம் கிராமம். அவளுக்கு முன்னால் பாட்டிக்குப் பிறந்த மூன்றும் பால்குடி மறக்குமுன் போய்விட்டன. நான்காவதாக அத்தை பிறந்ததும், முறத்தில் போட்டுக் கொல்லைக் குப்பைமேட்டில் கிடத்தினார்கள். நாலு பிள்ளை பெற்று நாலும் தங்கிய ஒருத்தி கீழத்தெருவிலிருந்து வந்து, ‘குப்பையில் கிடந்தது, எனக்குத்தான்’ என்று தூக்கிக்கொண்டாள். பாட்டி அவளுக்கு ஒரு படி தவிடு அளந்து கொடுத்துப் பிள்ளையை வாங்கினாள். குப்பையில் கிடந்ததையும் தவிட்டுக்கு வாங்கியதையும் தேடி எமன் வருவானா? அப்படி ஒளித்துவைத்த பெயர் குப்பம்மாள். குப்புசாமி, பிச்சை, பிச்சையம்மாள் என்று ஊருக்கு ஊர் இருந்தவர்களில் பலர் இப்படிப் பிழைத்த பிள்ளைகள். மூக்குக் குத்தி மூக்கன் என்று பெயர் வைத்த ஆண்பிள்ளைகளும் உண்டு. உங்கள் இணையப் பெயர்ப் பட்டியல்களில் ‘குப்பை’ என்று பொருள் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள்.

அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, இந்தப் பெயரைப் பத்திரிகையில் எப்படிப் போடுவது என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். புஷ்பவல்லி என்று அச்சடித்தார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் புஷ்பா. கூப்பிட்டால் வருவாள். ஆனால் பிறந்த வீட்டுக்கு வந்திருக்கும்போது பாட்டி வாசலில் நின்று ‘குப்பூ’ என்று ஒரு குரல் கொடுத்தால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவருவாள். நான் கல்லூரியில் படிக்கும்போது நண்பர்களை வீட்டுக்கு அழைத்து வந்தேன். ‘இது புஷ்பா அத்தை’ என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. காபியை வைத்துவிட்டு உள்ளே போனாள். முப்பத்தைந்து வருஷமாக அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

போன மாதம் அவள் இறந்தபோது, பிள்ளைகள் ‘புஷ்பவல்லி அம்மாள்’ என்று கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தார்கள். பிறந்த ஊரிலும் ஒட்டினார்கள், பஸ் நிறுத்தத்திலும் பால் சொசைட்டிச் சுவரிலும். வயசான முகம், தெரியாத பெயர். அவளோடு நாற்று நட்ட ஒரு கிழவி, எட்டு நாளும் அந்தப் போஸ்டரைத் தாண்டித்தான் கடைக்குப் போய்வந்திருக்கிறாள். ஒன்பதாம் நாள் யாரோ சொல்லித் தெரிந்து, காரியத்துக்கு முதல்நாள் பஸ் ஏறி வந்தாள். திண்ணையில் உட்கார்ந்து, ‘குப்புன்னு போட்டிருந்தா நான் அன்னைக்கே முகம் பார்த்திருப்பேனே’ என்று அழுதாள். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

அரிய பெயர்கள் கேட்டிருந்தீர்கள். உங்கள் மயிலாடுதுறையிலேயே இருக்கிறது. மாயூரநாதர் கோயில் அம்மன் அபயாம்பிகை, தமிழில் அஞ்சல்நாயகி. இதற்கும் தபால் ஆபீஸ் ஞாபகம் வரும் என்பீர்கள். அஞ்சாதே என்று சொல்பவள் அவள். வேதாரண்யத்தில் யாழைப் பழித்த மொழியாள், யாழைவிட இனிய குரல் அவளுக்கு. நாகப்பட்டினத்தில் கருந்தடங்கண்ணி, அவளே நீலாயதாட்சி. திருவாரூரில் அல்லியங்கோதை. இவற்றில் ஒன்றை வைத்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். தையல்நாயகி என்று வைத்து வீட்டில் தையல் என்றோ நாயகி என்றோ கூப்பிட்டால் இன்னும் சந்தோஷம். முடிவு உங்களுடையது, பெற்றவள் நீங்கள்.

ஆனால் அதற்கு முன் மாமியாரிடம் போய் உட்காருங்கள். குழந்தையை அவர் மடியில் போட்டுவிட்டுக் கேளுங்கள். யார் வேண்டிக்கொண்டது, எதற்காக, சின்ன வயசில் அவரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று. அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிவைத்துவிட்டு, எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்.