க்ரப் வருகிறது, டிஸ்க் மட்டும் காணோம்

கேள்வி: பழைய சேட்டா ஹார்டுடிஸ்கில் இருந்த டெபியன் லினக்ஸை அப்படியே ஒரு என்விஎம்இ (சேட்டாவிலிருந்து வேறான, புதிய இணைப்பு முறை) எஸ்எஸ்டிக்கு க்ளோன் செய்து, புதிய கம்ப்யூட்டரில் மாட்டினேன். லினக்ஸைத் தொடங்கிவைக்கும் க்ரப்பின் மெனு வருகிறது. எண்டர் தட்டினால் அரை நிமிடம் நின்றுவிட்டு, ரூட் டிஸ்க்கின் (சிஸ்டம் இருக்கும் டிஸ்க்) யுயுஐடி (அடையாள எண்) இல்லை என்று சொல்லி, கறுப்புத் திரையில் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற ப்ராம்ப்ட்டோடு நிற்கிறது. க்ரப்பை இரண்டு முறை மறுபடி நிறுவியும் பயனில்லை. பூட் பார்ட்டிஷனில் இடம் போதாமல், முன்பொரு நாள் இனிட்ராம்எஃப்எஸ் கான்ஃபிக் கோப்பில் 'மாட்யூல்ஸ்' என்பதை 'டெப்' என்று மாற்றியிருந்தேன். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. கடைசி வரியில் நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள். க்ரப்பை விட்டுவிடுங்கள், அதன் மேல் தப்பே இல்லை. கர்னலையும் (லினக்ஸின் மையப் பகுதி) இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் மெமரியில் ஏற்றிக் கொடுத்ததோடு அதன் வேலை முடிந்தது.

அதே டிஸ்க்கை க்ரப்பால் படிக்க முடிகிறதே, கர்னலுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? க்ரப் டிஸ்க்கைப் படிப்பது மதர்போர்டிலேயே பதிந்துள்ள மென்பொருளான ஃபர்ம்வேரின் உதவியால். கர்னல் பொறுப்பேற்றதும் அந்த உதவி போய்விடும். அதற்குச் சொந்த டிரைவர் வேண்டும். டெபியனில் என்விஎம்இ டிரைவர் ஒரு தனி மாட்யூல் (கர்னலில் பிறகு ஏற்றும் துண்டு). அது இருப்பதோ அந்த டிஸ்க்கிலேயே! சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிய கதைதான். இதற்காகத்தான் தேவையான டிரைவர்களை ஒரு சின்ன மூட்டையாகக் கட்டி, கர்னலோடு முதலிலேயே மெமரியில் ஏற்றுகிறார்கள். அந்த மூட்டைதான் இனிட்ராம்எஃப்எஸ். கான்ஃபிக் கோப்பில் 'மாட்யூல்ஸ்' என்பது 'மோஸ்ட்' என்று இருந்தால் பெரும்பாலான டிஸ்க் டிரைவர்களும் அதில் இருக்கும். 'டெப்' என்றால், மூட்டை கட்டிய அன்று அந்த மெஷினில் என்ன இருந்ததோ அதற்கானது மட்டும். உங்கள் மூட்டைக்குத் தெரிந்தது சேட்டா மட்டுமே.

ஊகிக்க வேண்டாம், அந்த ப்ராம்ப்ட்டிலேயே பார்த்துவிடலாம். 'ப்ராக்' கோப்புறையில் உள்ள 'சிஎம்டிலைன்' கோப்பை 'கேட்' கட்டளையால் திறந்தால், கர்னல் தேடும் யுயுஐடி தெரியும். அடுத்து 'பிஎல்கேஐடி' என்று அடியுங்கள், கர்னலுக்குத் தெரியும் டிஸ்க்குகளின் யுயுஐடி பட்டியல் வரும். அதே யுயுஐடி பட்டியலில் இருந்தால், டிஸ்க் தாமதமாக விழித்திருக்கிறது. 'எக்ஸிட்' அடித்தால் பூட் தொடரும். டிஸ்க் இருந்து யுயுஐடி வேறாக இருந்தால், க்ளோன் செய்யாமல் புதிதாக ஃபார்மட் செய்து கோப்புகளை நகலெடுத்திருப்பார்கள். எதுவுமே வராவிட்டால் டிரைவர் இல்லை. உங்களுக்கு மூன்றாவதுதான் வரும் என்று நினைக்கிறேன். 'மாட்ப்ரோப்' கொண்டு என்விஎம்இ மாட்யூலை ஏற்றிப் பாருங்கள். அது கிடைக்கவில்லை என்றால் சந்தேகமே இல்லை.

லைவ் யுஎஸ்பியை (டிஸ்க்கைத் தொடாமல் லினக்ஸை ஓட்டும் பென்டிரைவ்) தேடும் முன், க்ரப் மெனுவின் அட்வான்ஸ்டு பகுதியில் பழைய கர்னல் இருந்தால் அதில் பூட் செய்து பாருங்கள். மூட்டையை மறுபடி கட்டும் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' கட்டளையை வெறும் 'யு' ஆப்ஷனோடு கொடுத்தால் புதிய கர்னலின் மூட்டையை மட்டும்தான் மாற்றும். பழையது இன்னும் 'மோஸ்ட்' காலத்து மூட்டையாகவே இருக்கலாம். பலமுறை என்னைக் காப்பாற்றிய வழி இது.

அது நடக்காவிட்டால் லைவ் யுஎஸ்பிதான். ரூட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, அதற்குள் பூட் பார்ட்டிஷனையும் மவுன்ட் செய்யுங்கள். பிறகு 'டெவ்', 'ப்ராக்', 'சிஸ்' மூன்றையும் பைண்ட் செய்து (அதற்குள்ளும் தெரியும்படி இணைத்து), சிஎச்ரூட்டில், அதாவது டிஸ்க்கில் உள்ள உங்கள் சிஸ்டத்துக்குள், நுழையுங்கள். பூட் பார்ட்டிஷனை மறந்தால் புது மூட்டை க்ரப் படிக்கும் இடத்துக்குப் போய்ச் சேராது. ஒருமுறை இதனால் இரவு முழுக்க விழித்திருக்கிறேன். உள்ளே போனதும் 'மோஸ்ட்' என்று மாற்றி, 'யு' ஆப்ஷனோடு 'கே ஆல்' (எல்லா கர்னல்களுக்கும்) சேர்த்து அதே 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' கட்டளையை ஓட்டுங்கள். ரீபூட் செய்யும் முன் 'எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்' மூலம் மூட்டையில் என்விஎம்இ வந்துவிட்டதா என்று பாருங்கள்.

சரி, இடப் பிரச்சினை? வேண்டாத பழைய கர்னல்களை 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' கொண்டு நீக்கினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். 'டெப்'தான் வேண்டும் என்றால், அதே கான்ஃபிக் கோப்புறையில் உள்ள 'மாட்யூல்ஸ்' என்ற கோப்பில் என்விஎம்இயையும் யுஎஸ்பி ஸ்டோரேஜையும் வரிக்கு ஒன்றாக எழுதிவிடுங்கள். அப்புறம் டிஸ்க்கை மாற்றினாலும் வழி இருக்கும்.

இன்னொன்று. க்ளோன் செய்த இரண்டு டிஸ்க்குகளுக்கும் ஒரே யுயுஐடிதான். பழைய டிஸ்க்கையும் இதே கம்ப்யூட்டரில் மாட்டினால் எது ரூட்டாக மவுன்ட் ஆகும் என்று சொல்ல முடியாது. இது முடியும்வரை அதைக் கழற்றியே வையுங்கள்.